யாரைக் கேட்டு விதைக்கிறார்கள்?

சின்னசேலம் வட்டாரத்தில் மக்காச்சோளத்தின் புது ரகமொன்றைப் பரப்ப வேண்டின், மாதிரிச் சாகுபடிக்குப் பெரிய நிலக்காரரின் வயலே தகுந்ததென எண்ணுதல் எளிது; சரியன்று. அமெரிக்காவின் அயோவாவில் 259 குடியானவர்களை விசாரித்த ரையன், கிராஸ் என்னும் சமூகவியலார், வீரிய மக்காச்சோள விதையைப் பற்றிய செய்தியைப் பெரிதும் விதை வியாபாரிகள் கொணர்ந்தனரென்றும், நம்பிக்கையை அண்டை வயற்காரரே ஊட்டினரென்றும் 1943-ல் எழுதினர். கர்நாடகத்தின் 75 கிராமங்களில் ஆராய்ந்தோர், அரிசியும் மண்ணெண்ணெயும் யாரிடம் கைமாற்றாகப் பெறுவீர், எவருடன் கோயிலுக்குச் செல்வீர் என வினவி, உறவுகளை வலைபோல் வரைந்தனர். (அரிசிக் கைமாற்று எந்தப் பட்டாவிலும் ஏறுவதில்லை.) சிறுகடன் செய்தியை முதலில் அறிந்தோர் அவ்வலையின் நடுவில் இருந்த ஊர்களில், கடனில் சேர்ந்தோர் மிகுதியென 2013-ல் வெளியிட்டனர். நடுவிலிருப்பவர் நிலத்தில் பெரியவராக இருக்க வேண்டுவதில்லை. களையெடுக்கும் பெண்களை அழைத்து வருபவளாகவும் இருக்கலாம். ஆதலின் வயலைத் தெரிந்தெடுக்குமுன், விதைக்கு யாரை யோசனை கேட்பீர் என்று வீடுதோறும் கேட்டெழுதுக. குத்தகைக்காரர் வீட்டையும் விடலாகாது.