அப்பா கொடுத்தது சான்ஸ் இல்லீங்க, டைம்!

காந்திபுரம் டவுன் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஏதாவது ஒரு பேக்கரியில் சூர்யா, கார்த்தி பேச்சை எடுத்துப் பாருங்கள். டீ ஆறுவதற்குள் ரெண்டு கட்சி ஆகிவிடும். "அப்பா சிவகுமார், அப்புறம் என்ன கஷ்டம்? வாரிசுதானே" என்று ஒரு கட்சி. "திறமை இல்லாமலா இத்தனை வருஷம் நிக்கறாங்க? சூலூர்ப் பக்கத்து ரத்தமாக்கும்" என்று இன்னொரு கட்சி. ரெண்டு கட்சியும் தப்பான கணக்கைப் போடுகிறது.

திறமையில் சந்தேகமே வேண்டாம். 'சூரரைப் போற்று' படத்துக்கு சூர்யா தேசிய விருதே வாங்கியாச்சு. கார்த்தி 2007ல் 'பருத்திவீரன்' என்ற முதல் படத்திலேயே அடித்து ஆடினார். "அப்பா காசு போட்டு ஏத்திவிட்டார்" என்பதும் நிற்காது. சூர்யாவின் முதல் படமான 'நேருக்கு நேர்' மணிரத்னம் தயாரித்தது.

சரி, அப்போ வாரிசுக்கு லாபமே இல்லையா? இருக்கு. அதை ரெண்டு கட்சியும் பார்ப்பதில்லை.

'நேருக்கு நேர்' வந்தது 1997ல். "இந்தாளு நடிகன்யா" என்று ஊர் ஒத்துக்கொண்டது 2001ல், 'நந்தா' வந்த பிறகு. நடுவில் நாலு வருஷம். ஆடத் தெரியலை, நடிக்கத் தெரியலை என்று கிண்டல் வேறு. நாலு வருஷம் லாபம் காட்டாத கடைக்கு யார் முதல் போடுவார்கள்? வாடகைக்கும் சோத்துக்கும் கவலையில்லாத வீடு இருந்தால்தான் தோற்றுத் தோற்றுக் கற்றுக்கொள்ள முடியும். அப்பா கொடுத்த சொத்து அந்த நாலு வருஷம்தான்.

"சிவகுமாருக்கு மட்டும் யார் இருந்தாங்க?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. 1941ல் காசிகவுண்டன்புதூரில் பிறந்து, கைக்குழந்தையிலேயே அப்பாவை இழந்து, ஓவியம் படிக்க மெட்ராஸ் போனவர். 1965ல் 'காக்கும் கரங்கள்'. அப்புறம் சின்ன வேஷம், சாமி வேஷம், ரெண்டாவது நாயகன் என்று ஓடி, 'அன்னக்கிளி' வந்தது 1976ல். 11 வருஷம். எம்.ஜி.ஆர். கதையும் அதேதான். 1936ல் 'சதி லீலாவதி', நாயகன் ஆனது 1947ல் 'ராஜகுமாரி'யில். அதுவும் 11 வருஷம். அந்த 'ராஜகுமாரி' தயாரானது வேறெங்கும் இல்லை, கோயமுத்தூர் சென்ட்ரல் ஸ்டுடியோவில். 1954ல் 'மலைக்கள்ளன்' எடுத்த பட்சிராஜாவும் இதே ஊர்தான்.

அப்பன் சொத்து இல்லாதவனுக்கும் நாடகக் கம்பெனி, ஸ்டுடியோ, துணை வேஷம் என்று சோறு போட இடம் இருந்தது. காத்திருக்க முடிந்தது. இன்றைக்கு அந்த ஸ்டுடியோக்களில் ஒரு ஷூட்டிங் கிடையாது. காத்திருக்கும் செலவை அவனவன் வீடுதான் ஏற்கவேண்டும். வீடு தாங்காதவன் ரெண்டாம் வருஷமே ஊருக்கு பஸ் ஏறிவிடுகிறான்.

மிச்சம் இருப்பது டிவி ஒன்றுதான். 1999ல் 'சித்தி' சீரியலில் சிவகுமார் வந்தபோது அவருக்கு சினிமாவில் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கூட நடித்த ராதிகா, எம்.ஆர்.ராதா மகள். அவர்களுக்கு டிவி இன்னொரு மேடை. வெளியாளுக்கு அதுதான் வாசலே. விஜய் டிவி 'கலக்கப் போவது யாரு'வில் ஆரம்பித்து, தொகுப்பாளராகச் சம்பளம் வாங்கிக்கொண்டே காத்திருந்த சிவகார்த்திகேயன் 2012ல் 'மெரினா'வுக்கு வந்தார். "பாருங்க, திறமை இருந்தா வந்துடலாம்" என்று அவரைக் காட்டுகிறார்கள். அவருக்கும் யாரோ டைம் கொடுத்தார்கள் என்பதைச் சொல்வதில்லை.

வாரிசு என்று திட்டினால் ஒரு புதுமுகத்துக்கும் ஒரு வேளைச் சோறு கிடைக்காது. ரத்தம் என்று பெருமை பேசினாலும் கிடைக்காது. பெரிய வீட்டுப் பையனின் அஞ்சாவது சுமார் படத்துக்கும் முதல் நாள் போகிறீர்கள் அல்லவா? பேர் தெரியாத ஒருத்தன் முதல் படத்தில் சுமாராக நடித்திருந்தாலும், அவன் ரெண்டாவது படத்துக்கு ஒரு டிக்கெட் எடுங்கள். அப்பா கொடுக்காத டைமை நீங்கள் கொடுக்கலாம்.