இல்லம் பேணுவோம்: வாசலை மறிக்கும் பாட்டரி

வெயில் ஏற ஏற டில்லியில் மின்சாரம் நின்று நின்று வருவது நாம் அறிந்ததே. ஆதலால் நம் இல்லங்கள் பலவற்றில் இன்வர்ட்டரும் பாட்டரியும் குடும்பத்து அங்கத்தினர் போலவே ஆகிவிட்டன. பழைய ஈயப் பாட்டரிக்கு மறவாமல் வடிநீர் ஊற்றிவந்த அன்பர்கள் இப்பொழுது லிதியம் பாட்டரியை நாடுகிறார்கள். எடை குறைவு, ஆயுள் அதிகம், நீர் ஊற்றும் வேலையும் இல்லை. "இனி அதைத் திரும்பிப் பார்க்கவே வேண்டாம்" என்று விற்பவர் சொல்வதை நம்பியும் விடுகிறோம். நீர் ஊற்றும் கவலைதான் போயிற்று. கவனிக்கும் கடமை போகவில்லை.

அண்மையில் ஓர் அன்பர் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். மூன்றாம் மாடி, வெளியேற ஒரே கதவு. அதன் அருகில் இரண்டு புதிய லிதியம் பாட்டரிகள். அவற்றின் மேல் பழைய பத்திரிகைக் கட்டு. உள்ளறையில் அவருடைய முதிய தாயார். இவ்வகைப் பாட்டரி தீப்பற்றுவது அரிது. பற்றினாலோ, உள்வெப்பம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். நச்சுப் புகை எழும். "அப்பொழுது அம்மா எந்த வழியாக வெளியே வருவார்கள்?" என்று கேட்டோம். அன்பர் மௌனமானார். மறுநாளே மின்பணியாளரை அழைத்து, வெயிலும் மழையும் படாத பின்புற வராந்தாவுக்கு அவற்றை மாற்றிவிட்டார்.

ஆகவே முதலில் இடம். படுக்கையறை, மாடிப்படியின் அடி, வாசல்வழி ஆகியவை கூடா. நிழலும் காற்றோட்டமும் வேண்டும். பெரும்பாலான லிதியம் பாட்டரிகளை 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சார்ஜ் செய்யலாகாது. மே மாதத்து மொட்டைமாடித் தகரக் கொட்டகை அதைத் தாண்டிவிடும். சிம்லா போன்ற குளிர்ப் பிரதேசங்களில் வாழ்வோர் உறைநிலைக்குக் கீழும் சார்ஜ் செய்தலாகாது.

அடுத்தது சார்ஜர். வீடுகளுக்குப் பெரும்பாலும் வருவது லிதியம் இரும்பு பாஸ்பேட் வகை. கலம் ஒன்றுக்கு 3.2 வோல்ட், நான்கு சேர்ந்தால் 12.8. நிறைவின் எல்லை 14.6 வோல்ட். ஈயப் பாட்டரிக்கென அமைந்த இன்வர்ட்டர்களுள் சில 15 வோல்ட்டுக்கு மேலும் ஏற்றும். உள்ளிருக்கும் பி.எம்.எஸ். என்னும் காவற்பலகை அதைத் தடுக்கும் என்பது உண்மையே. ஆயினும், காவற்காரன் இருக்கிறான் என்று கதவைத் திறந்துவைத்து உறங்குவாரும் உண்டோ? லிதியத்துக்கு ஏற்ற இன்வர்ட்டர்தானா என்பதைக் கேட்டு அறிந்த பின்னரே வாங்குக.

மூன்றாவது இணைப்பு. 1,000 வாட் பளுவுக்கு 12.8 வோல்ட் பாட்டரியிலிருந்து 80 ஆம்பியருக்கு அதிகமாக ஓடும். மெல்லிய வயரும் தளர்ந்த திருகும் அதில் சுட்டுப்போகும். நேர்முனையை ஒட்டித் தகுந்த பியூஸ் அவசியம். இரண்டு பாட்டரிகளைச் சேர்ப்பதாயின் தயாரிப்பும் அளவும் வயதும் ஒன்றாயிருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறைவாகச் சார்ஜ் செய்த பின்னரே இணைக்கவேண்டும். இவை பழகிய மின்பணியாளர் செய்யவேண்டிய வேலை.

நாம் செய்ய வேண்டியவை சில. அவ்வப்போது தூசி துடைத்து, மேலே எதையும் வைக்காதிருத்தல். ஆண்டுக்கு இருமுறையேனும் திருகுகளைச் சோதிப்பித்தல். விடுமுறையில் ஊருக்குச் சென்று ஒரு மாதம் தங்குவோர், பாட்டரியைப் பாதியளவு சார்ஜில் விட்டு, இணைப்பை நீக்கிவிட்டுப் புறப்படுவது நலம். உப்பியிருந்தாலோ, புதிதாக இனிய நெடி வீசினாலோ உபயோகத்தை உடனே நிறுத்துக. புகை கண்டால் பொருள்களை எடுக்க நில்லாமல், எல்லோரையும் வெளியேற்றி, கதவைச் சார்த்தி, 101 அல்லது 112-ஐ அழைக்கவும். ஆயுள் முடிந்த பாட்டரியைக் கபாடிவாலாவிடம் போடவேண்டாம். அதைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகள் தயாரிப்பாளர்மீதே சுமத்தியுள்ளன.

இவ்விதழை மூடியதும் ஒருமுறை எழுந்து, நம் வீட்டுப் பாட்டரி யார் வழியை மறித்து நிற்கிறது என்று பார்ப்போமாக.