சுவடி படித்த கண்களும் போர்க்கள நாட்குறிப்பும்

ஏட்டுச்சுவடியைப் படித்துப் பாடம் காண்பதுடன் தமிழ்த்துறையின் கையெழுத்துப் பணி முடிந்துவிடுகிறது என்னும் கருத்து நம்மிடையே வேரூன்றியுள்ளது. நூறாண்டும் நிரம்பாத காகிதச் சுவடிகள் வேறு உள்ளன. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்தியப் பீரங்கிப் படையில் பணியாற்றிய நம் முன்னோரைப் பற்றிய கையெழுத்துப் பதிவுகளையே ஈண்டுக் குறிப்பிடுகிறேன். அவற்றைப் படிக்கும் தகுதி தமிழ் மாணவர்க்கு உண்டு, கடமையும் உண்டு.

என் தாயாரின் சிறிய தந்தையார் அப்படையில் இருந்தவர். "பர்மாவில் பீரங்கி சுட்டவர்" என்பதே குடும்பத்தில் வழங்கும் செய்தி. எந்த ரெஜிமெண்ட், எந்தப் பாட்டரி என்று வினவினால் விடையில்லை. அறிவிப்பாளர் தொடர் அறுந்த நபிமொழியை அறிஞர்கள் எவ்வளவு தயக்கத்துடன் ஏற்பர் என்பதை அறிந்த சமுதாயம் நாம். குடும்பச் செய்திக்கும் அவ்வளவுகோல் வேண்டுமன்றோ?

1857-க்குப் பின் மலைப் பாட்டரிகள் நீங்கலாகப் பீரங்கிகளை இந்தியர் கையில் தர ஆங்கிலேயர் அஞ்சினர். முதல் இந்தியக் களப் பீரங்கிப் பிரிவு 1935 ஜனவரியில்தான் பெங்களூரில் தோன்றியது. ஏழே ஆண்டுகளில் லிபியப் பாலைவனத்துப் பிர் ஹக்கீம் போர். அங்கு 7-ஆம் பாட்டரிக்குத் தலைமை தாங்கியவர் பி.பி. குமாரமங்கலம்; சென்னை மாகாண முதலமைச்சராயிருந்த டாக்டர் சுப்பராயனின் மைந்தர்; 1966-இல் தரைப்படைத் தலைமைத் தளபதியானவர். அவர் பெயரை வரலாறு அறியும். அவருடைய பீரங்கிகளில் குண்டு ஏற்றியவர்களின் பெயர்களை எங்கே தேடுவது?

இங்குதான் சிக்கல் தொடங்குகிறது. ஒவ்வொரு பிரிவும் போர்க்காலத்தில் நாட்குறிப்பு எழுதியாக வேண்டும். இடம், நாள், மணி, நிகழ்ச்சிச் சுருக்கம் எனக் கட்டங்கள் இட்ட படிவம் அது. மத்தியக் கிழக்கு, தென்கிழக்கு ஆசியக் களங்களின் நாட்குறிப்புகள் இலண்டனையடுத்த கியூ ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 169, 172 என்னும் வரிசைகளில் உள்ளன. அவற்றில் அதிகாரிகளின் பெயர்கள் வரும். சிப்பாயோ பெரும்பாலும் எண்ணாகவே வருவார்: "ஐ.ஓ.ஆர். இருவர் காயம்." இந்தியச் சிப்பாய் என்பதன் சுருக்கக் குறி அது. அவ்விருவருள் ஒருவர் நம் பாட்டனாராக இருக்கலாம். ஆகவே தனிமனிதரின் பணிப்பதிவையும் நாட்குறிப்பையும் இணைத்துப் படிக்க வேண்டும். பணிப்பதிவுக்கு முதலில் நாட வேண்டியது நாசிக் சாலைப் பீரங்கிப் படை ஆவண அலுவலகம். படை எண் தெரிந்தால் வேலை எளிது.

படை எண் இல்லையேல் பெயரே துணை. பெயரோ பெரும் பாடவேறுபாடு! முகைதீன், மொய்தீன், முஹ்யித்தீன், மைதீன் எல்லாம் ஒருவரே. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இடும் நம் வழக்கம் அறியாத எழுத்தர் எதை எப்படி எழுதியிருப்பார் என்று ஊகிக்க, வரலாற்றுத்துறை மாணவரை விடத் தமிழ் மாணவரே வல்லவர் என்பேன். (வரலாற்றுத்துறை நண்பர்கள் பொறுத்தருள்க.)

1942-இல் ஜப்பானியர் தாக்குவர் என்னும் அச்சத்தால் டாக்டர் உ.வே.சா. சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றம் சென்று, ஏப்ரல் 28 அன்று அங்கேயே மறைந்தார். அவர் தேடிய சுவடிகள் இன்று பெசன்ட் நகர் நூலகத்தில் பேணப்படுகின்றன. அதே போரின் சிப்பாய்களுடைய காகிதங்கள் நம் வீட்டு இரும்புப் பெட்டிகளில் மக்குகின்றன.

"அந்நியனுக்குக் கூலிக்குப் போர் செய்தவரை ஏன் தேட வேண்டும்?" என்று பெரியவர் ஒருவர் கேட்டார். நியாயமான வினா. ஆயினும் அறிதல் வேறு, புகழ்தல் வேறு. வறுமையால் சென்றாரா, விருப்பத்தால் சென்றாரா என்பதுகூடத் தெரியாமல் தீர்ப்பு வழங்கலாகாது. மேலும் 1947-இல் படைப்பிரிவுகளும் இரு நாடுகளாகப் பங்கிடப்பட்டன. சென்னை முஸ்லிம் ஒருவர் பணியாற்றிய ரெஜிமெண்ட் இன்று எல்லைக்கு அப்பால் இருத்தலும் கூடும். அவர் திரும்பி வந்து வாழ்ந்தது இந்த மண்ணில்தான் என்பதற்கு அவருடைய விடுவிப்புச் சான்றே சாட்சி.

திரும்பாதோரும் உளர். பர்மாவில் கல்லறையின்றி மறைந்த ஏறத்தாழ 27,000 வீரர்களின் பெயர்கள் டாக்யான் நினைவிடத்துத் தூண்களில் உள்ளன. அப்பட்டியலைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் எவரும் தேடலாம்.

முதுகலை மாணவர் ஆண்டுக்கு ஒருவரேனும் இத்தகைய ஒரு பதிவைப் பதிப்பித்து ஆய்வேடாக்க வேண்டும். அதற்குப் பெரியோர்கள் தம் இல்லத்திலுள்ள விடுவிப்புச் சான்று, ஊதியப் புத்தகம், பழைய கடிதம் எதுவாயினும் துறைக்குக் காட்டியுதவுக. படி எடுத்துக்கொண்டு மூலத்தை அன்றே திருப்பித் தருவோம். புகைப்படத்தில் உடன் நிற்பவர் யார் என்று சொல்லத் தெரிந்த மூதாட்டி ஒருவர் இருப்பின், முதலில் அவரிடம் செல்வோம்.