நீதிக்கும் இனமுண்டோ?

மிக்-27 போர்விமானக் கொள்வனவில் ஊழல் நடந்ததென 2007இல் எழுதிற்று ‘சண்டே லீடர்’. அவ்வாண்டே அதன் அச்சகம் தீக்கிரையாயிற்று. பாதுகாப்புச் செயலாளர் கோத்தாபய ராஜபக்ச மானநட்ட வழக்குத் தொடுத்தார். 2009 ஜனவரி 8இல், காலைவேளையில், அத்திடியவில் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க தாக்கிக் கொல்லப்பட்டார். கொன்றவர் எவரும் இன்றுவரை தண்டிக்கப்படவில்லை! 2025இல் சந்தேகநபர் மூவரை விடுவிக்கலாமென்றார் சட்டமா அதிபர். நாடெங்கும் எதிர்ப்பெழவே பின்வாங்கினார். மக்கள் குரலுக்கு வலிமை உண்டென்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தமிழ்ப் பெருமக்களே! ‘சிங்களவர் விவகாரம் நமக்கேன்?’ என்போரைக் கேட்கின்றோம்: 2000இல் யாழ்ப்பாணத்தில் நிமலராஜனையும், 2005இல் கொழும்பில் சிவராமையும் கொன்றவர்கள் தண்டனை பெற்றனரா? லசந்தவுக்கே கிட்டாத நீதி நமக்குத் தனியே கிட்டுமோ? மூவருக்கும் ஒருங்கே கேட்போம், உரக்கக் கேட்போம்!