கேபினட் மாற்ற முடியாத கம்ப்யூட்டர் யாருக்குச் சொந்தம்?

சித்திரை வெயில். ஏசி இல்லாத அறை. கேம் ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் கம்ப்யூட்டர் ஃபேன் மிக்ஸி மாதிரி சத்தம் போடுகிறது. முன்பக்கம் பளபளப்பான மூடி. காற்று உள்ளே போக வழியே இல்லை. ரெடிமேட் கேமிங் பிசி வாங்கிய பலர் ஓரிரு வருடத்தில் வந்து நிற்கும் இடம் இது. அடுத்து வரும் யோசனையும் ஒன்றுதான்: "உள்ள இருக்கிறதெல்லாம் நல்லாத்தானே இருக்கு. காத்தோட்டமான கேபினட் ஒண்ணு வாங்கி அதுல மாத்திட்டா போதும்ல?"

பல கம்ப்யூட்டர்களில் போதும்தான். ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு ஞாயிறு மதியமும் இருந்தால் வேலை முடிந்துவிடும். ஆனால் சில பெரிய பிராண்டுகளின் மாடல்களில் மூடியைக் கழற்றிய பிறகுதான் தெரியும், உள்ளே இருப்பது வேறு எந்தக் கேபினட்டிலும் உட்காராது என்று. காசு கொடுத்தவருக்கு இது முன்பே சொல்லப்பட்டிருக்க வேண்டும். சொல்லப்படுவதில்லை என்பதுதான் பிரச்சினை.

1995 தந்த வசதி

1995-ல் இன்டெல் நிறுவனம் ஏடிஎக்ஸ் என்ற அளவுமுறையை வெளியிட்டது. மதர்போர்டு என்ன அளவு, ஸ்க்ரூ ஓட்டைகள் எங்கே, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் பிளக்கில் எந்த வயர் எந்த இடத்தில் என்று எல்லாம் அதில் முடிவானது. முழு ஏடிஎக்ஸ் போர்டு 305 x 244 மி.மீ. அதன் தம்பி மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 x 244 மி.மீ. பல கம்பெனிகளும் இந்த அளவைப் பின்பற்றுவதால்தான் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் போர்டும் பக்கத்துக் கடையில் கேபினட்டும் வாங்கி, வீட்டுக்கு வந்து மாட்ட முடிகிறது.

எங்கே மாட்டிக்கொள்ளும்?

முதல் சிக்கல் போர்டு. சில ரெடிமேட் பிசிக்களில் அதன் வடிவமே தனி, ஓட்டைகள் பொருந்தாது. பின்பக்க யுஎஸ்பி போர்ட்டுகளைச் சுற்றியுள்ள தகடு, கேபினட்டின் உடம்போடு சேர்த்தே வெட்டப்பட்டிருக்கும். பவர் பட்டனுக்கு வழக்கமான சின்னச் சின்ன பின்களுக்குப் பதில் அந்தக் கம்பெனிக்கே உரிய பிளக் இருக்கும். சில மாடல்களில் பிராசஸர் மேல் இருக்கும் கூலர், போர்டு வழியாகக் கேபினட் தகட்டிலேயே திருகப்பட்டிருக்கும். கேபினட்டை மாற்றினால் கூலருக்குப் பிடிமானம் போச்சு. எல்லாம் மாட்டி முடித்தாலும், 'முன்பக்க ஃபேன் வேலை செய்யவில்லை' என்று ஒவ்வொரு முறையும் பயாஸ் திரையிலேயே நின்றுவிடும் மாடல்களும் உண்டு.

இரண்டாவது, எஸ்எம்பிஎஸ். இங்கே தவறு நடந்தால் பொருளே போய்விடும். 1990-களின் இறுதியில் டெல் மேசைக் கணினிகள் சிலவற்றில், பார்வைக்கு ஏடிஎக்ஸ் பிளக் போலவே இருந்தது. உள்ளே வயர்களின் வரிசை மட்டும் வேறு. பொருந்துகிறதே என்று வேறு எஸ்எம்பிஎஸ்ஸைச் செருகினால் போர்டு கருகும் ஆபத்து இருந்தது.

பிராசஸர், ரேம், எஸ்எஸ்டி, கிராஃபிக்ஸ் கார்டு ஆகியவை பெரும்பாலும் எங்கே போனாலும் வேலை செய்யும். போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் புதிதாக வாங்க நேர்ந்தால் செலவு எகிறும். கம்ப்யூட்டரோடு வந்த விண்டோஸ் லைசென்ஸும் பொதுவாகப் பழைய போர்டோடு கட்டுண்டது. அதற்கும் தனியாகக் காசு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த போர்டு மின்கழிவாகிவிடும். காற்றுக்காக ஆரம்பித்த வேலை இப்படி முடியலாம்.

கம்பெனி தரப்பு நியாயம்

அளவுமுறையை விட்டு விலகுவது எல்லாமே சதி இல்லை. இடம் மிச்சம், தொழிற்சாலையில் மாட்டுவது சுலபம், கரன்ட்டும் மிச்சம். இன்டெல்லே பின்னர் 12 வோல்ட் மட்டும் தரும் ஏடிஎக்ஸ்12விஓ என்ற முறையைக் கொண்டுவந்தது. சும்மா இருக்கும்போது கம்ப்யூட்டர் குடிக்கும் மின்சாரத்தைக் குறைப்பது அதன் நோக்கம். அதில் 24 பின் பிளக் போய் 10 பின் வந்தது. ஆனால் அந்த விவரம் எழுதி வெளியிடப்பட்டது. யார் வேண்டுமானாலும் அதற்குப் பொருத்தமான எஸ்எம்பிஎஸ் தயாரிக்கலாம். ஒரே கம்பெனி மட்டும் தயாரிக்கும் பிளக்குக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ரெடிமேட் வாங்குவது முட்டாள்தனமும் இல்லை. 2020-21 தட்டுப்பாட்டில் கிராஃபிக்ஸ் கார்டு தனியாகக் கிடைக்காமல், அதற்காகவே முழு பிசி வாங்கியவர்கள் உண்டு.

கழற்றும் முன்

போர்டை அளந்து பார்ப்பது முதல் வேலை. எஸ்எம்பிஎஸ்ஸின் பெரிய பிளக்கில் 24 பின் இருக்கிறதா, பின்பக்கத் தகடு தனியாக வருகிறதா, கிராஃபிக்ஸ் கார்டின் நீளம் புதுக் கேபினட்டில் அடங்குமா என்று பார்த்த பிறகே ஆர்டர் போடுவது நல்லது. ஒவ்வொரு வயரையும் பிடுங்கும் முன் போனில் ஒரு போட்டோ. கூலரைக் கழற்றினால் புது தெர்மல் பேஸ்ட் கட்டாயம். எஸ்எம்பிஎஸ் மாற்றினால் அதன் கேபிள்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு மாடலின் கேபிள் இன்னொன்றில் செருகிக்கொள்ளும், ஆனால் வயரிங் வேறாக இருக்கலாம். மூடியைத் திறந்தால் வாரன்டி என்னாகும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குவதும் புத்திசாலித்தனம்.

அட்டைப்பெட்டியில் ஒரு வரி

வாரன்டி ஸ்டிக்கரைக் காட்டிப் பயமுறுத்துவது குறித்து, 2018-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 6 கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. இந்தியாவிலும் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென நுகர்வோர் விவகாரத் துறை ஓர் இணையதளம் தொடங்கியது. மொபைல், டிராக்டர் என்று பேசும் இந்த விவாதத்துக்குள் மேசைக் கணினியும் முழுமையாக வர வேண்டும்.

கேட்பது பெரிய விஷயம் இல்லை. 'போர்டு: மைக்ரோ ஏடிஎக்ஸ். எஸ்எம்பிஎஸ்: ஏடிஎக்ஸ்' என்றோ, 'இரண்டும் இந்த மாடலுக்கு மட்டும்' என்றோ அட்டைப்பெட்டியில் ஒரு வரி. மின்விசிறிக்கும் ஃபிரிட்ஜுக்கும் நட்சத்திர லேபிள் ஒட்ட முடிகிற நாட்டில் இது முடியாத காரியமா? அந்த வரி வரும்வரை, "ராம் எவ்ளோ, கார்டு என்ன" என்று கேட்கிறவர்கள் கடைக்காரரிடம் இன்னொரு கேள்வியும் சேர்த்துக் கேட்கலாம்: "அண்ணா, நாளைக்குக் கேபினட் மாத்தணும்னா மாத்த முடியுமா?"