மலைப்பாதை எச்சரிக்கைச் செய்திகளின் காலதாமதம்: எமது சங்கத்தின் நிலைப்பாடு

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் பாதையில், நீலகிரி மாவட்டத்தின் வாயிலாக விளங்கும் பர்லியாரில், பழத்தோட்டத்தையும் சாலையோர வியாபாரத்தையும் நம்பி ஜீவிப்போர் கூடி அமைத்த எமது சங்கம், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கைப்பேசிகளுக்கு வரும் எச்சரிக்கைகள் குறித்துத் தன் அபிப்பிராயத்தைப் பகிரங்கமாகத் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளது. எச்சரிக்கை அனுப்பப்பட்டது என்ற அளவில் அதிகாரிகள் திருப்தியடையாமல், அது எத்தனை நிமிஷத்தில் சேர்ந்தது, சேர்ந்த வேளையில் இன்னும் உண்மையாக இருந்ததா என்பவற்றையும் விசாரித்தாக வேண்டும் என்பதே எமது நிலைப்பாடு.

1993 நவம்பரில் மரப்பாலத்தருகே மலை சரிந்து பாதையையே அடித்துச் சென்றதையும், 2009 நவம்பரில் மாவட்டமெங்கும் நேர்ந்த உயிர்ச்சேதத்தையும் அறிந்த எமக்கு, இது வெறும் சாஸ்திர சர்ச்சையன்று.

இவ்வெச்சரிக்கைகளைத் தாங்கிவரும் குறுஞ்செய்தியானது அனுப்பியவரிடமிருந்து நேரே நம் கைக்கு வருவதில்லை. இடையிலுள்ள ஒரு மையத்தில் தங்கி, பெறுபவரின் கைப்பேசி அலைக்கு எட்டும்போது அனுப்பப்படுகிறது. ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே சமயத்தில் அனுப்பினால் அங்கே வரிசை நீளும். மலை வளைவில் அலை எட்டாதவருடைய செய்தியோ அவர் வெளியே வரும்வரை காத்துக் கிடக்கும். பாதை மூடப்பட்டது என்ற செய்தி, அது திறந்தபின் வந்தால் நஷ்டம் சொற்பமே. பாதை திறந்தது என்ற செய்தி, அடுத்த சரிவுக்குப்பின் வந்து சேருமாயின் அதன் விளைவைச் சொல்லவும் வேண்டுமோ!

வரிசைக்கு இடத்தைப் பெருக்குவதே பரிகாரம் என்பாரும் உளர். அது மட்டும் பயன்படாது, அனுப்பும் முறையே மாற வேண்டும் என்பதைக் கணினி வலையமைப்பில் உலகம் முன்னரே கண்டிருக்கிறது. 1986 அக்டோபரில், கலிபோர்னியாவின் பெர்க்லியில், 400 கஜ தூரமே இடைவெளியுள்ள இரு ஸ்தாபனங்களிடையே வினாடிக்கு 32,000 பிட்டுகளாக ஓடிய தரவு 40 பிட்டுகளாகச் சுருங்கிற்று. நெரிசலில் தவறியவற்றைக் கணினிகள் மீண்டும் மீண்டும் அனுப்பியதே காரணம். நெரிசலின் அறிகுறி கண்டவுடன் அனுப்புபவரே வேகத்தைக் குறைக்கும் முறையைக் கணினி விஞ்ஞானி வான் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்டார். பின்னர் 2012இல் அவரும் கேத்லீன் நிக்கோல்ஸும், வரிசையின் நீளத்தை அளவாகக் கொள்ளாமல், ஒவ்வொரு தரவுப் பொட்டலமும் அதில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதையே அளந்து, தாமதம் நீடித்தால் சிலவற்றைக் கைவிடும் உபாயத்தை வகுத்தனர்.

அனுப்புமிடத்திலேயே வேகத்தைக் குறைக்கும் அந்நியதியே எம் பாதையிலும் கையாளப்பட்டது: கோடையில் உதகை நோக்கி வரும் வாகனங்களை மலைமேல் நெரியவிட்டு வருந்துவதைவிட, இ-பாஸ் மூலம் புறப்படும் இடத்திலேயே கட்டுப்படுத்துவது உத்தமமெனக் கருதி, 2025இல் சென்னை உயர் நீதிமன்றம் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என வரம்பு விதித்தது.

ஆதலின், உயிராபத்து பற்றிய எச்சரிக்கைக்கு, 2023இல் நாடெங்கும் பரீட்சிக்கப்பட்ட செல் பிராட்காஸ்ட் முறையே பிரதானமாதல் வேண்டும். டவரின் எல்லைக்குள்ளிருக்கும் கைப்பேசிகள் அனைத்துக்கும் அது ஏககாலத்தில் ஒலிக்கும், ஒவ்வொருவர் பெயரிலும் வரிசை நிற்காது, நிறுத்தியபின் பழஞ்செய்தி எங்கும் தேங்காது. குறுஞ்செய்தி துணையாக மட்டும் இருக்கட்டும். அதற்குரிய செல்லுபடிக் காலத்தைக் குறுக்கி வைக்கும் வசதி குறுஞ்செய்தி முறையிலேயே உண்டு. வங்கிச் செய்தி என்றேனும் வந்து சேர்ந்தாக வேண்டியதுதான். காலாவதியான மண்சரிவு எச்சரிக்கை வழியிலேயே அழிவது நலம். சாரல் விழுந்தாலே கைப்பேசியை அலறவிடும் அதியுற்சாகத்தையும் நாங்கள் ஆதரிக்கவில்லை. அலறல் பழகிப்போனால் எவரும் எடுத்துப் பார்க்கமாட்டார்கள்.

டவரின் அலை எட்டாத வளைவுகளுக்காகப் பர்லியார் சோதனைச் சாவடியில் ஒலிபெருக்கி இருத்தல் வேண்டுமென்றும், ஒவ்வொரு பருவமழையின் முடிவிலும் எந்த டவரின் கீழ் எந்த எச்சரிக்கை எத்தனை நிமிஷத்தில் சேர்ந்தது என்ற கணக்கை மாவட்ட நிர்வாகம் வெளியிட வேண்டுமென்றும் கோருகிறோம்.