அடுத்த கணக்குப் புத்தகம் யாருக்கு?

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே சொல்லித்தரும் இரண்டு குடும்பங்கள் சந்தித்தால் பத்தாவது நிமிடத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும்: "அஞ்சாவது முடிச்சாச்சு. மேத்ஸுக்கு அடுத்து என்ன கரிக்குலம்?" பதில்களும் தயாராக இருக்கும். சிங்கப்பூர் மேத்ஸ். பீஸ்ட் அகாடமி. சாக்ஸன். குமோன். கான் அகாடமி. என்சிஈஆர்டி. கடைசியில் ஒருவர் குரலைத் தாழ்த்தி, "இப்பவே ஃபவுண்டேஷன் கோர்ஸ்ல போட்டுடுங்க, அப்பதான் ஜேஇஇக்குச் சரியா இருக்கும்" என்பார்.

பதினொரு வயது மகளோடு தினமும் கணக்குப் போடுகிறவளாகச் சொல்கிறேன்: இந்தக் கேள்வியை நாம் தலைகீழாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பத்து வயதுக்கும் பதின்மூன்று வயதுக்கும் நடுவில், எந்தப் பாடத்திட்டம் என்பது இரண்டாவது கேள்வி. பிள்ளையோடு உட்காரப்போகும் பெரியவர் யார், அந்தப் புத்தகத்தை அவர் முதலில் தானே போட்டுப் பார்த்தாரா என்பது முதல் கேள்வி. அதைக் கேட்காமல் பெட்டி பெட்டியாகப் புத்தகம் வரவழைப்பதற்குப் பெயர் ஷாப்பிங்.

"எனக்குப் பிள்ளையே இல்லை, இது எனக்கு எதற்கு?" என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். "எனக்கு மேத்ஸ் வராதுப்பா, அதான் இலக்கியம் பக்கம் வந்துட்டேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லும் நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. எப்போதிலிருந்து வராமல் போச்சு என்று கேட்டால் யாரும் ஒன்றாம் வகுப்பைச் சொல்வதில்லை. ஆறு, ஏழு, எட்டு என்றுதான் சொல்கிறார்கள். வராமல் போனதற்கு மூளையின் வார்ப்பைக் காரணமாகச் சொல்வது நம் வழக்கம். அந்த வகுப்புகளில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் வேறு காரணம் தெரியும்.

ஐந்தாம் வகுப்பு வரை கணக்கு பெரும்பாலும் கையில் தொடக்கூடிய விஷயம். புளியங்கொட்டை, ரூபாய், பென்சில். ஆறாம் வகுப்பிலிருந்து அது கையைவிட்டு நழுவத் தொடங்குகிறது. முக்கியமாக மூன்று இடங்களில்.

முதலாவது, சமக்குறி. 8 + 4 = □ + 5. கட்டத்தில் என்ன எண் வரும்? 1999-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 145 ஆறாம் வகுப்பு மாணவர்களிடம் இதைக் கேட்டார்கள். ஒருவர்கூட 7 என்று சொல்லவில்லை. ஏறக்குறைய எல்லோரும் 12 அல்லது 17 என்றார்கள். ஐந்து வருடமாக அவர்களுக்கு '=' என்றால் "விடையை இங்கே எழுது" என்று அர்த்தம். இரண்டு பக்கமும் ஒரே அளவு என்ற அர்த்தம் யாரும் சொல்லித் தராமல் வராது. நிரல் எழுதுகிறவர்களுக்கு இது பழகிய சங்கதி. பல நிரல்மொழிகளில் ஒற்றைச் சமக்குறி ஒரு கட்டளை, 'இந்த மதிப்பை இதில் போடு'. இரட்டைச் சமக்குறி ஒரு கேள்வி, 'இரண்டும் சமமா?'. இரண்டையும் குழப்பினால் நிரல் சொதப்பும். பள்ளிக் கணக்கில் இரண்டுக்கும் ஒரே குறி. இந்தக் குழப்பத்தோடு இயற்கணிதத்துக்குள் போகும் பிள்ளைக்கு எக்ஸ் என்பது ஒரு பூச்சாண்டியாகத்தான் தெரியும்.

இரண்டாவது, பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பது. 1¾ ÷ ½. தலைகீழாக்கிப் பெருக்கு என்று நமக்கெல்லாம் தெரியும். ஏன் என்று தெரியுமா? 1¾ லிட்டர் பால் இருக்கிறது, அரை லிட்டர் ஆவின் பாக்கெட்டாக எத்தனை என்று கேளுங்கள். மூன்று பாக்கெட் போக மிச்சம் கால் லிட்டர். ஆனால் விடை மூன்றரை. என் மகள் இங்கேதான் நின்றாள். "மிச்சம் காலுதானம்மா? அரை எங்கருந்து வந்துச்சு?" கால் லிட்டர் என்பது அரை பாக்கெட். அளக்கும் அலகு லிட்டரிலிருந்து பாக்கெட்டுக்கு மாறிவிட்டது. இந்த ஒரு விஷயத்துக்கு எங்களுக்கு மூன்று நாள் ஆனது. சொம்பு, டம்ளர், தரையெல்லாம் தண்ணீர். பின்னாடி வரும் விகிதம், சதவீதம், வேகம் எல்லாம் இந்த அலகு மாற்றத்தின் மேல்தான் நிற்கின்றன.

மூன்றாவது, மைனஸ் மைனஸ் பிளஸ். "எதிரிக்கு எதிரி நண்பன்" என்று டியூஷனில் சொல்லித் தருவார்கள். கேட்க நன்றாக இருக்கும், கணக்கு அதில் துளியும் இல்லை. 3 × (−2) = −6, 2 × (−2) = −4, 1 × (−2) = −2, 0 × (−2) = 0. ஒவ்வொரு படியிலும் இரண்டு கூடிக்கொண்டே வருகிறது. அடுத்த படி (−1) × (−2). இதே ஒழுங்கு உடையாமல் இருக்க வேண்டுமானால் அங்கே என்ன வர வேண்டும்? பிள்ளை தானே சொல்லும். பிரம்மகுப்தர் 628-இல் குறை எண்களைக் கடனாகவும் மிகை எண்களைச் சொத்தாகவும் பெயரிட்டு விதிகளை எழுதிவைத்தார். கடன் என்றால் என்ன என்று மாதக் கடைசியைப் பார்த்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும்.

இந்த மூன்று இடத்தையும் எந்தப் புத்தகமும் தானாகக் கடத்திவிடாது. "எங்கருந்து வந்துச்சு?" என்ற கேள்வி எழும் நொடியில் பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும். அந்த ஆளுக்கு அந்தக் கேள்வி சுவாரஸ்யமாகவும் இருக்க வேண்டும்.

லிப்பிங் மா என்ற கல்வியாளர் 1999-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். இதே 1¾ ÷ ½ கணக்கை அமெரிக்க, சீன ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களிடம் கொடுத்தார். 23 அமெரிக்க ஆசிரியர்களில் முழுதாகச் சரியாகப் போட்டவர்கள் 9 பேர். சீன ஆசிரியர்கள் 72 பேரும் சரியாகப் போட்டார்கள். இந்தக் கணக்குக்குப் பொருந்தும் ஒரு கதை சொல்லுங்கள் என்றபோது அமெரிக்கத் தரப்பு ஏறக்குறையக் கைவிரித்துவிட்டது, சீனர்களில் பத்தில் ஒன்பது பேர் சொன்னார்கள். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்தச் சீன ஆசிரியர்கள் அமெரிக்கர்களைவிடக் குறைவான வருடங்களே படித்தவர்கள். ஒன்பதாம் வகுப்பு முடித்து, இரண்டு மூன்று வருடம் ஆசிரியர் பயிற்சி, அவ்வளவுதான். ஆனால் வகுப்புக்குப் போகும் முன் பாடப்புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு வரிவரியாகத் தாங்கள் படித்தார்கள், சக ஆசிரியர்களோடு பேசினார்கள்.

ஆக, "நான் எஞ்சினியர் இல்லையே, என்னால் முடியுமா?" என்ற பயம் தேவையில்லை. "நான் எஞ்சினியர், எனக்குத் தெரியாததா?" என்ற மிதப்பு அதைவிட ஆபத்து. எம்-1, எம்-2, எம்-3 என்று கணக்குப் பேப்பர்களை அரியர் வைத்தும் வைக்காமலும் தாண்டி வந்த கூட்டம் நாங்கள். லாப்லாஸ் உருமாற்றம் போடத் தெரியும். பின்னத்தை ஏன் தலைகீழாக்க வேண்டும் என்று கேட்டால் எங்களில் பலர் "அது ரூல்" என்போம்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நான் பார்த்த பல வீடுகளில் பாடத்திட்டத்தைத் தேர்ந்தெடுப்பவர் அப்பா. எக்செல் ஷீட் போடுவார். விலை, விமர்சனம், எந்த நாட்டுத் தரம் எல்லாம் பத்திபத்தியாக இருக்கும். தினமும் காலையில் பிள்ளையோடு உட்காருபவர் அம்மா. பெரும்பாலும் வேலையை விட்டுவிட்டு வந்தவர், பள்ளியில் கணக்கைப் பார்த்து நடுங்கியவர். ஆறு மாதத்தில் பாடம் நின்றுபோனால், "இந்தக் கரிக்குலம் நமக்கு செட் ஆகலை" என்று அடுத்த ஷீட் திறக்கப்படும். அந்த ஷீட்டில் ஒரு பத்தி எப்போதும் இருக்காது: நான் என்றைக்கு உட்காரப்போகிறேன்? தேர்ந்தெடுக்கிற உரிமை ஒருவருக்கு, தோற்றுப்போகிற பொறுப்பு இன்னொருவருக்கு என்றால், உலகத்தின் சிறந்த புத்தகமும் ஒன்றும் செய்யாது.

செயலிகள் இந்த இடத்தை நிரப்பும் என்பார்கள். மென்பொருள் எழுதிப் பிழைப்பவள் என்பதால் இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல முடியும். திரையில் வரும் 'தேர்ச்சி' என்ற பச்சை வட்டத்துக்குப் பின்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது. தொடர்ந்து இத்தனை சரியான விடை என்று யாரோ ஒருவர் முடிவு செய்து எழுதியது. தொடர்ச்சியாக எத்தனை நாள் வந்தாய் என்று எரியும் அந்தத் தீச்சுடர் படமோ, பயனர் மறுநாள் திரும்பி வருவதற்காக வைத்தது. அது அளப்பது வருகைப் பதிவு. "அரை எங்கருந்து வந்துச்சு?" என்ற கேள்விக்கு அங்கே பொத்தான் கிடையாது. பயிற்சிக்குச் செயலி நல்லது, நாங்களும் வைத்திருக்கிறோம். ஆனால் பச்சை வட்டத்தைப் பார்த்து, பிள்ளைக்குப் பின்னம் புரிந்துவிட்டது என்று முடிவு செய்ய நான் தயாராக இல்லை.

இன்று உலகம் முழுவதும் விற்கும் இந்தப் பொருட்கள் எப்படிப் பிறந்தன என்று பாருங்கள். ஜப்பானில் டோரு குமோன் ஓர் உயர்நிலைப் பள்ளிக் கணக்கு ஆசிரியர். 1954-இல் தன் மகனுக்காகக் கையால் பயிற்சித்தாள்கள் எழுதத் தொடங்கினார். சல்மான் கான் 2004-இல் வேறு ஊரில் இருந்த உறவுக்காரச் சிறுமிக்குத் தொலைவிலிருந்து கணக்குச் சொல்லிக் கொடுத்தார், பிறகுதான் காணொளிகள் வந்தன. இரண்டுமே ஒரு பெரியவர் ஒரு பிள்ளைக்காக, அந்தப் பிள்ளை தடுக்கி விழுந்த இடத்தைப் பார்த்துச் செய்தவை. நமக்கு வந்து சேர்வது அந்தத் தாளும் காணொளியும். அந்தப் பெரியவரை நாம்தான் வீட்டில் தயார் செய்ய வேண்டும். சிங்கப்பூர் புத்தகங்களுக்கும் இதே கதை. அங்கே 1980-களில் உருவான அந்தப் பட்டைப் படமுறை அருமையானது. 1995-இல் சர்வதேசக் கணிதத் தேர்வில் சிங்கப்பூர் முதலிடம் வந்ததும் உண்மை. ஆனால் அங்கே புத்தகத்தோடு பயிற்சி பெற்ற ஆசிரியரும் வகுப்பில் இருந்தார். பார்சலில் அவர் வருவதில்லை.

சரி, வெளிநாட்டுச் சரக்கு வேண்டாம், நம் பாரம்பரியம் இருக்கிறதே என்று அடுத்த கடை விரிக்கிறார்கள். வேத கணிதம் என்று விற்கப்படும் புத்தகம் வெளிவந்தது 1965-இல். அதிலுள்ள சூத்திரங்கள் வேதங்களில் எங்கே இருக்கின்றன என்று இதுவரை யாரும் காட்டியதில்லை. இருந்தாலும் பெருக்கலை வேகமாகப் போடுவதற்கு மேல் அது எதற்கு? நம் திண்ணைப் பள்ளிகளின் எண்சுவடி நிஜமான பாரம்பரியம். அதில் 1/320-க்கு முந்திரி என்று பெயர், 1/80 காணி, 1/20 மா. பின்னங்களுக்குப் பெயர் இருந்தது, ஏனென்றால் நிலமும் நெல்லும் அந்தப் பின்னங்களில் அளக்கப்பட்டன. அந்தத் திண்ணையில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் உட்கார முடியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அளக்கும் வேலையை விட்டுவிட்டு முந்திரியை மட்டும் மனப்பாடம் செய்யவைப்பது பெருமை பேசத்தான் உதவும்.

அப்படியானால் எந்தப் புத்தகம்? கேட்பீர்கள், கேட்க வேண்டும். என் பதில் எளிது. எந்தப் புத்தகமானாலும் அந்த மூன்று இடங்களைத் திறந்து பாருங்கள். சமக்குறியைத் தராசாகக் காட்டுகிறதா? பின்ன வகுத்தலுக்குக் கதையோ படமோ உண்டா? குறை எண் பெருக்கலுக்குக் காரணம் சொல்கிறதா, விதியை மட்டும் பெட்டி கட்டிப் போடுகிறதா? தேறினால் வாங்குங்கள். 2024-இல் என்சிஈஆர்டி கொண்டுவந்த ஆறாம் வகுப்புப் புத்தகம் 'கணித பிரகாஷ்' குறை எண்களை ஒரு கட்டடத்தின் லிஃப்டில் ஏற்றி இறக்கி அறிமுகம் செய்கிறது. கப்ரேகரின் 6174 அதில் இருக்கிறது. தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே எண்களோடு விளையாடியவர் அவர். இன்றுவரை யாராலும் நிரூபிக்க முடியாத கொலாட்ஸ் கணக்கும் இருக்கிறது. தமிழில் வேண்டுமென்றால் தமிழ்நாட்டுப் பாடநூல் இருக்கிறது, அதன் 'தகவல் செயலாக்கம்' பகுதி என்னைப் போன்ற மென்பொருள்காரர்களுக்கே பிடிக்கும். இரண்டும் இணையத்தில் இலவசம். குறைகள் உண்டு, பயிற்சிக் கணக்குப் போதாது. கூட எழுதிக்கொள்ளலாம்.

அவசரம் வேண்டவே வேண்டாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்வெழுதவே 14 வயது ஆக வேண்டும். பதினொரு வயதுப் பிள்ளைக்கு மூன்று முழு வருடங்கள் இருக்கின்றன. "எங்க பையன் ஆறாவதுலயே எட்டாவது கணக்குப் போடுறான்" என்பவர்களிடம் 8 + 4 = □ + 5 கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

"நேரம் எங்கே இருக்கு?" என்பது நியாயமான மறுப்பு. இரண்டு பேரும் வேலைக்குப் போய்க்கொண்டு, தினம் அரை மணிநேரம்கூட ஒதுக்க முடியாத வீடுகள் உண்டு. அந்த வீடுகளுக்குப் பள்ளிதான் நல்லது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அங்கேயாவது அந்த வேலைக்கென்று ஒரு ஆள் இருக்கிறார். ஆனால் பள்ளி சரியில்லை என்று பிள்ளையை வெளியே எடுத்த பிறகு, அந்த ஆளின் இடத்தில் ஒரு சந்தாவை வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்த பாடத்திட்டத்துக்குப் பணம் கட்டும் முன் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். ஆறாம் வகுப்புப் புத்தகத்தைப் பதிவிறக்கி, பின்னம் அத்தியாயத்தை நீங்கள் போடுங்கள், உங்கள் வீட்டு இன்னொரு பெரியவரும் போடட்டும். பேனாவோடு, விடையைப் பார்க்காமல். எந்த இடத்தில் சலிப்பு வருகிறது, எந்த இடத்தில் பயம் வருகிறது என்று குறித்துவையுங்கள். பிள்ளையும் ஏறக்குறைய அங்கேதான் நிற்கப்போகிறது.